எந்த மணி யாருக்கு அடிக்க வேண்டும்

அந்தத் தேர்வு அலுவலகத்தில் அவளுக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தவர் யார் என்பது யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவள் கைப்பைக்குள் இருக்கும் அலுவலக போன் ஓயாமல் கத்தும். லிஃப்டில் கத்தும், கேன்டீனில் கத்தும், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லும்போது கத்தும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எடுத்துப் பேசுங்கம்மா, வீட்ல என்ன அவசரமோ” என்பார். அவள் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லைங்க, எங்க ஆபீஸ் பிரிண்டர் ஒண்ணு பதில் சொல்லலையாம்” என்பாள். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்?

சைரனுக்கு வயது நாற்பத்து மூன்று. வணிகவியல் படித்தவள். இருபத்திரண்டு வயதில் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு அங்கே சேர்ந்தாள். அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த ஹாலில், ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கிலும் அறிவியலிலும் ஒரே மார்க் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஏதோ ஒரு பத்தி இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தது. “இந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்லா இருக்கு” என்று அவளைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு சர்வர் அறை வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது மற்றவர்கள் தயங்கினார்கள். கோடைகாலம் என்பதாலும் அந்த அறை மட்டும் ஜில்லென்று இருக்கும் என்பதாலும் அவள் கை தூக்கினாள். தூக்கிய கை தூக்கியதுதான். பதினோரு வருடமாகிவிட்டது.

அறையிலும் முப்பத்தோரு கிளை அலுவலகங்களிலுமாக மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இயந்திரங்கள். ஒரு கண்காணிப்பு மென்பொருள் அவற்றை நிமிடத்துக்கு ஒருமுறை “நல்லா இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டாலோ, ஏதாவது அளவு தாண்டினாலோ, பிரிவில் இருக்கும் ஆறு பேரின் போனுக்கும் அலர்ட் அனுப்பும். நான்கு வருடத்துக்கு முன் அதை நிறுவ வந்தவர், பட்டியலில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்துவிட்டு, “எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன் மேடம், இனிமே ஒண்ணுகூடத் தப்பாது” என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

ஒன்றுகூடத் தப்பவில்லை என்பது உண்மை. ஒரு நாளைக்கு ஐயாயிரத்து இருநூறு அலர்ட். ஆறு பேரில் ஐந்து பேர் முதல் மாதத்திலேயே போனை மியூட்டில் போட்டுவிட்டார்கள். டேட்டாபேஸ் பார்க்கும் ஆள் அதில் முதலாவது. எத்தனை முறை அழைத்தாலும் எடுக்கமாட்டார் என்பதால் அவருக்குக் கும்பகர்ணன் என்று பெயர். பாவம், ஆள் நல்லவர், வேலையில் கெட்டிக்காரர். காதுதான் செத்துப்போயிருந்தது. சைரன் மட்டும் சத்தத்தை நிறுத்தவில்லை. கடமை என்று நினைத்தாள். ஆனால் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது மழைச் சத்தம் போல ஆகிவிட்டது. கேட்கும், ஆனால் உள்ளே இறங்காது.

அதற்கான விலையைப் போன வருடம் தேர்வு முடிவு வெளியான அன்று கொடுக்க வேண்டி வந்தது. காலை பத்து மணிக்கு இணையதளம் திறந்தது. பத்து இருபதுக்கு நின்றது. திரும்ப எழுந்து உட்கார நான்கு மணி நேரம் பிடித்தது. காரணம் ரொம்பச் சின்னது. டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது. அன்று மதியம் விசாரணை அழைப்புகளெல்லாம் அவள் மேசைத் தொலைபேசிக்குத்தான் வந்தன. ஒரு தாய் அழைத்தார். கோபப்படவில்லை. “காலைல இருந்து நாங்க ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருக்கோம்மா. என் பொண்ணு தண்ணிகூடக் குடிக்கல. எப்ப வரும்னு மட்டும் சொல்லிடுங்க, நான் அவளைக் கொஞ்சம் சாப்பிட வைக்கிறேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சைரனுக்கு.

மறுநாள் பிரிவு அதிகாரி எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை வாசித்தார். “காலை ஒன்பது நாற்பத்தொண்ணு. டேட்டாபேஸ் சர்வர், டிஸ்க் தொண்ணூறு சதவீதம். அலர்ட் வந்திருக்கு. ஆறு பேருக்கும் வந்திருக்கு. யாருமே பாக்கல.”

அந்த ஒரு மணி நேரத்தில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அலர்ட் வந்திருந்தது என்பதைச் சொல்லலாமா என்று சைரனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும் என்று விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாத்தனாரிடம்தான் கொட்டினாள். கணவரின் தங்கை, தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அவர்களோடுதான் இருந்தாள். அண்ணி, நாத்தனார் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் பிஸ்கட் தின்னும் ரகம்.

“எங்க வார்டுலயும் இதே கூத்துதான் அண்ணி,” என்றாள் நாத்தனார், காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டே. “பத்து பெட்டு, பத்து மெஷினு, எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். எது நிஜமா கத்துது, எது விரல் கிளிப் கழண்டதுக்குக் கத்துதுன்னு தெரியாது. அப்புறம் உக்காந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் அளவை மாத்தி வச்சோம். சும்மா கத்துறதை நிறுத்தினோம்.”

“நிறுத்தலாமா?”

“ஏன், யார் நிறுத்தக்கூடாதுன்னு சொன்னா?”

சைரன் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். உண்மையிலேயே யாரும் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் அந்த மென்பொருளின் அமைப்புப் பக்கத்தை ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை. அவள் உட்பட.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியவள் நடக்கவில்லை, ஓடினாள். அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். உள்ளே ஒரு தனி ஊரே இருந்தது. எந்த அலர்ட், எந்த இயந்திரத்திலிருந்து, எவ்வளவு நேரம் நீடித்தால், யாருக்கு, எப்போது போக வேண்டும் என்று தனித்தனியாக விதி எழுதலாம். வேண்டாததை வடிகட்டலாம். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

அதிகாரியிடம் போய்க் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “எதையும் நிறுத்தாதீங்கம்மா. இப்ப அலர்ட் வந்தும் பாக்கலைன்னு பேர். நிறுத்திட்டு ஏதாவது ஆச்சுன்னா, நிறுத்தினது யாருன்னு கேள்வி வரும்.”

“சரி சார். நிறுத்தல. ஒரு வாரத்துல என்னென்ன வந்ததுன்னு மட்டும் எண்ணிக் கொண்டு வரேன். அதைப் பாக்குறீங்களா?”

“எண்ணுறதுக்கு யார் வேணாங்கறா.”

ஒரு வாரத்து அலர்ட் முழுவதையும் இறக்கி லேப்டாப்பில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். முப்பத்தாறாயிரத்து நானூறு வரி. இயந்திரம் வாரியாக அடுக்கியபோது முதல் வரியில் நின்றது ஒரு பிரிண்டர். அதன் எதிரில் 10,080 என்று இருந்தது.

“என்ன அண்ணி இது, இவ்வளவு கச்சிதமா ஒரு நம்பர்?” என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள். பிறகு போனில் எதையோ பெருக்கினாள். “ஏழு நாளு, இருபத்தி நாலு மணி, அறுபது நிமிஷம். பத்தாயிரத்து எண்பது. அடேங்கப்பா, ஒரு நிமிஷம்கூட லீவு போடல இது.”

இருவரும் சிரித்த சிரிப்பில், பஸ் ஓட்டிக் களைத்து வந்து படுத்திருந்த கணவர் எழுந்து வந்து, “என்ன, லாட்டரி ஏதாவது விழுந்துச்சா?” என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது அவளுக்கு. இருநூற்றுப் பதினான்கில் வெறும் ஏழு இயந்திரங்கள் ஐந்தில் நான்கு பங்குச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் அந்தப் பிரிண்டரைத் தேடிக் கிளம்பினாள். மூன்றாம் மாடியில் இல்லை. பதிவறையில் இல்லை. கடைசியில் ஸ்டோர் கீப்பர் சாவிக்கொத்தோடு அவளைக் கீழே கிடங்குக்குக் கூட்டிப்போனார். பழைய விடைத்தாள் கட்டுகளை நகர்த்த நகர்த்த தூசி கிளம்பித் தும்மல் வந்தது. ஏழாவது கட்டுக்கு அடியில் அது உட்கார்ந்திருந்தது. வயர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வாயில் பாதி அச்சடித்த காகிதம் ஒன்று அப்படியே சிக்கியிருந்தது.

“இதை நாலு வருஷத்துக்கு முன்னாடியே கழிச்சுக் கட்டியாச்சேம்மா,” என்றார் ஸ்டோர் கீப்பர். “இது இப்ப எதுக்கு?”

“அண்ணே, செத்துப்போனவருக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவ போன் போட்டு, ஏன் எடுக்கலைன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்,” என்றாள் சைரன். தும்மலுக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது.

போட்டோவைப் பார்த்த அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மீசை லேசாக அசைந்தது. “இதை மட்டும் எடுத்துடுங்க” என்றார். எடுத்தாள். அன்றைக்கு அலர்ட் எண்ணிக்கை மூவாயிரத்து எழுநூற்று அறுபது. ஒரு பிரிண்டருக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது குறைந்தது. அந்த எண்ணை வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதிவைத்தாள். பிறகு அதிகாரியே தினம் காலையில் அந்தப் பலகை வழியாகத் தன் அறைக்குப் போக ஆரம்பித்தார். அவர் அறைக்கு அது சுற்று வழி.

பிறகு நடந்ததெல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. ஒரு கிளையில் மின்சாரம் போனால் வாசலில் இருக்கும் நெட்வொர்க் பெட்டி அணைந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் நான்கு இயந்திரங்களும் “நானும் போயிட்டேன், நானும் போயிட்டேன்” என்று தனித்தனியாக ஒப்பாரி வைக்கும். வாசல் பெட்டி போய்விட்டால் அதை மட்டும் சொல், உள்ளே இருப்பவர்களைப் பற்றிப் பேசாதே என்று ஒரு விதி போட்டாள். மழை பெய்தால் சில கிளைகளின் இணைப்பு கண் சிமிட்டும். போகும், வரும், போகும், வரும். மூன்று நிமிடம் தொடர்ந்து போயிருந்தால்தான் வாய் திறக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது, பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டால் நெஞ்சில் ஒரு குதி வருமே, அது வந்தது. இத்தனை வயதில் அது திரும்ப வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பெரிய சண்டை யாருக்கு அனுப்புவது என்பதில்தான் வந்தது. டிஸ்க், டேட்டாபேஸ் தொடர்பான அலர்ட் இனிமேல் ஆறு பேருக்கும் போகாது, கும்பகர்ணனுக்கு மட்டும் போகும் என்றாள்.

“எனக்கு மட்டும் ஏன்க்கா?”

“அது உங்க வேலைங்கறதால.”

“எல்லாருக்கும் வந்தா யாராவது ஒருத்தர் பாப்பாங்கள்ல?”

“எல்லாருக்கும் வந்தா யாரும் பாக்கமாட்டாங்க. நாலு வருஷமா பாத்தாச்சு. நீங்க பத்து நிமிஷத்துல ‘பாத்துட்டேன்’னு அழுத்தலைன்னா எனக்கு வரும். நானும் பத்து நிமிஷத்துல அழுத்தலைன்னா சாருக்குப் போகும்.”

“சாருக்கா? சும்மா பயமுறுத்தாதீங்கக்கா.”

அவர் அதைப் பூச்சாண்டி என்றே நினைத்தார். அடுத்த வாரம் ஒரு நாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பழக்கதோஷம், கவிழ்த்து வைத்துவிட்டார். சைரன் அப்போது ஒரு கிளைக்குப் போயிருந்தாள். சிக்னல் இல்லாத லிஃப்டில் மாட்டிக்கொண்டதால் அவளும் பார்க்கவில்லை. சரியாக இருபதாவது நிமிடம், மேலதிகாரிகள் எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவில், பிரிவு அதிகாரியின் சட்டைப்பை கத்தியது. அவர் எடுத்துப் படித்தார். எழுந்தார். இரண்டு மாடி இறங்கி நேராக கேன்டீனுக்கு நடந்துவந்து கும்பகர்ணனின் மேசை அருகில் நின்றார்.

“டிஸ்க் எப்படி இருக்கு?”

கும்பகர்ணனுக்கு டீ புரையேறியது. அன்றிலிருந்து அவர் போன் மேசையில் முகம் நிமிர்ந்துதான் படுத்திருக்கும்.

பதினோரு மாதத்தில் பலகையில் இருந்த எண் முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சைரன் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் சறுக்கியது.

தேர்வு முடிவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒத்திகை பார்ப்பதற்காகக் கும்பகர்ணன் பேக்கப்பிலிருந்து ஒரு பிரதியை எடுக்கப் போனார். தகவல்கள் அழிந்தால் மீட்பதற்காகத் தினமும் மதியம் ஒரு மணிக்கு எடுத்துவைக்கும் நகல் அது. திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, கடைசி பேக்கப் ஒன்பது நாளைக்கு முன்னாடியது.”

“இருக்காது.”

“அதுக்கப்புறம் தினமும் பாதியில நின்னுருக்கு. ஒரு அலர்ட்கூட எனக்கு வரல.”

சைரன் தான் எழுதிய விதிகளின் பட்டியலைத் திறந்தாள். பேக்கப் ஓடும்போது ‘தொடங்கியது’, ‘ஓடுகிறது’, ‘முடிந்தது’ என்று நூற்றுக்கணக்கில் அலர்ட் வரும். சலித்துப்போய், ‘பேக்கப்’ என்ற சொல் இருந்தாலே தடுத்துவிடு என்று ஒரே வரியில் வடிகட்டி போட்டிருந்தாள். ‘பேக்கப் தோல்வி’ என்பதிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஒன்பது நாளாக அந்த இயந்திரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. அவள் போட்ட விதி அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது.

யாருக்கும் தெரியாமல் அந்த வரியை மாற்றிவிடலாம். அப்படி மாற்றினால் பழி கும்பகர்ணன் தலையில் விழும், பேக்கப் அவர் பொறுப்பு. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அதிகாரியின் அறைக்குப் போனாள். கும்பகர்ணனும் பின்னாலேயே வந்தார்.

“சார், தப்பு என்னுது. நான் போட்ட ஃபில்டர்தான் தோல்வி அலர்ட்டை முழுங்கிடுச்சு.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நான் முதல்லயே சொன்னேன். எல்லா ரூலையும் எடுத்துடுங்க. ரிசல்ட் முடியுற வரைக்கும் பழையபடியே வரட்டும்.”

“சார், ஒரு நாள் மட்டும் குடுங்க.”

“வேணாம்மா.”

அப்போது கும்பகர்ணன் தொண்டையைச் செருமினார். “சார், பழையபடி வந்தா நான் மறுபடியும் மியூட்ல போட்டுடுவேன். மறைச்சுப் பேச விரும்பல. இவங்க பண்ணினதுக்கு அப்புறம்தான் நான் போனையே பாக்குறேன்.”

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்,” என்றார்.

வீட்டுக்கு வந்தும் அவளால் உட்கார முடியவில்லை. சொல்லைத் திருத்துவது சுலபம். ‘முடிந்தது’ என்பதை மட்டும் தடுத்துவிட்டு, ‘தோல்வி’யை விடலாம். ஆனால் பேக்கப் தொடங்கவே இல்லை என்றால்? தோல்வி என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் அது மொத்தமாகப் படுத்துவிட்டால்? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மணி ஏழைத் தாண்டியது. அப்போதுதான் உறைத்தது. நாத்தனாரின் செய்தி வரவில்லை. மாலை ஷிஃப்ட் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் “வந்துட்டேன்” என்று ஒரு வரி அனுப்புவாள். மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டும். சைரன் பதறிப்போய் வார்டு நம்பருக்குப் போட்டாள். நாலைந்து முறை அடித்தபின் எடுத்தது நாத்தனாரேதான்.

“போன்ல சார்ஜ் இல்ல அண்ணி, மறந்துட்டேன். ஏன், என்ன ஆச்சு?”

சைரன் கையில் ரிசீவரோடு சிலை மாதிரி நின்றாள். கெட்ட சேதி எதுவும் வரவில்லை. வரவேண்டிய நல்ல சேதி வராததால்தான் அவள் பதறினாள்.

“அண்ணி? இருக்கீங்களா?”

“வச்சிடறேன். நீ நல்லா இருக்கேல்ல? சரி, வச்சிடறேன்,” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை நோக்கி ஓடினாள். அந்தப் பக்கம் நாத்தனார், அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அண்ணனுக்குப் போன் போட்டாள் என்பது தனிக்கதை.

புது விதி இதுதான். பேக்கப் ‘முடிந்தது’ என்ற சேதி வந்தால் யாருக்கும் சொல்லாதே, உனக்குள் வைத்துக்கொள். ஆனால் மதியம் இரண்டரை மணிக்குள் அந்தச் சேதி வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கத்து.

மறுநாள் காலை அவள் இன்னொரு முடிவோடு வந்தாள். எழுதிய நாற்பத்தேழு விதிகளில் ஒன்றைக்கூட நம்புவதில்லை. எல்லாவற்றையும் நிஜமாகவே உடைத்துப் பார்ப்பது. பொதுமக்கள் பார்க்கும் சர்வர்களைத் தொடாமல், ஒத்திகைக்கென்று ஒதுக்கியிருந்தவற்றில் ஆரம்பித்தார்கள். கும்பகர்ணன் வயர்களைப் பிடுங்கினார். “பிடுங்கிட்டேன்” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும். சைரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. போன் அதிரும். “வந்துடுச்சு, அடுத்தது.” டிஸ்க்கை வேண்டுமென்றே குப்பையால் நிரப்பினார்கள். பேக்கப்பை ஆரம்பிக்கவே விடாமல் தடுத்தார்கள். சரியாக இரண்டரைக்கு அது கத்தியபோது கும்பகர்ணன் அறைக்குள் ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவருக்கு நாற்பத்தோரு வயது. மூன்று விதிகள் தப்பாக இருந்தன. அங்கேயே திருத்தி, திரும்ப உடைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் அதிகாரி வந்தபோது இருவர் சட்டையிலும் தூசி, முகத்தில் சிரிப்பு. அவர் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் இருந்த நேரத்தைப் படித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தேர்வு முடிவு நாள் வந்தது. காலை ஒன்பது மணி. அறையில் ஒரு போன்கூடக் கத்தவில்லை. போன வருடம் இதே நேரத்தில் ஆறு போன்களும் மேசைமேல் நகர்ந்துகொண்டிருந்தன. இந்த அமைதியை நம்ப முடியாமல் எல்லோரும் தங்கள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள்.

“ஏம்மா, அது வேலை செய்யுதா, இல்ல நின்னுபோச்சா?” என்று அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“கால் மணிக்கு ஒரு தடவ ‘நான் இருக்கேன்’னு எனக்கு மட்டும் ஒரு சேதி வர மாதிரி வச்சிருக்கேன் சார். ஒன்பதே காலுக்கு வரும், பாருங்க.”

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்தது. அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு மேல்மாடிக்குப் போனார்.

பத்து மணிக்குத் தளம் திறந்தது. திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. முதல் நிமிடத்தில் நாற்பதாயிரம் பேர். சைரனுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக, ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்பது போன்ற ஒரு துடிப்பு.

பத்து ஏழுக்கு ஒரே ஒரு போன் அதிர்ந்தது. கும்பகர்ணனுடையது. டிஸ்க் தொண்ணூறு சதவீதம் ஆகும்வரை காத்திருக்கும் பழைய விதியை அவள் மாற்றியிருந்தாள். நிரம்பும் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்லியிருந்தாள். சேதியில் இருந்தது இவ்வளவுதான்: ‘டேட்டாபேஸ் சர்வர். இதே வேகத்தில் இன்னும் 22 நிமிடத்தில் டிஸ்க் நிரம்பும்.’

அவள் திரும்புவதற்குள் அவர் விசைப்பலகையில் இருந்தார். “பாத்துட்டேன்னு அழுத்திட்டேன். என்ன தின்னுது இதை?”

“எந்த ஃபோல்டர் வளருதுன்னு பாருங்க.”

“லாக் ஃபைல். ஒத்திகைக்காக எல்லாத்தையும் விவரமா எழுதச் சொல்லி ஆன் பண்ணது. நிறுத்த மறந்துட்டோம் அக்கா. ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் பக்கம் பக்கமா எழுதிட்டு இருக்கு.”

“நிறுத்துங்க. பழையதை வேற டிஸ்க்குக்கு மாத்துங்க.”

“தளம் நிக்காதே?”

“நிக்காது. ஒத்திகையில செஞ்சோமே.”

அவர் விரல்கள் ஓடின. சைரன் திரையில் டிஸ்க் நிரம்புவதைக் காட்டும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறிக்கொண்டே வந்தது, ஏறியது, மெதுவானது, படுத்தது. மணி பத்து பதினான்கு. தளத்துக்கு வருபவர்களின் கோடு இன்னும் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாணவருக்குக்கூட எதுவும் தெரியாது.

மதியத்துக்குள் ஆறு லட்சம் பேர் தங்கள் மதிப்பெண்களைப் பார்த்து முடித்திருந்தார்கள். விசாரணைத் தொலைபேசியில் வந்த அழைப்புகள், பெயரில் முதலெழுத்துத் தப்பாக இருக்கிறது, மறுகூட்டலுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்ற ரகம். சைரன் அங்கேயும் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து நாலு பேருக்குப் பதில் சொன்னாள்.

அதிகாரி கீழே வந்தபோதுதான் காலையில் நடந்தது அவருக்குத் தெரிந்தது.

“எனக்கு ஏன் அலர்ட் வரல?”

“ஏழு நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு சார். இருபது நிமிஷம் தாண்டியும் யாரும் அழுத்தலைன்னாத்தான் உங்களுக்கு வரும்.”

அவர் எதுவோ சொல்ல வந்தார். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவருக்கே தெளிவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். மூவருமாக அந்த அறையிலேயே, சர்வர்களின் இரைச்சலுக்கு நடுவே சாப்பிட்டார்கள். கும்பகர்ணன் அந்த ஏழு நிமிடத்தை ஏழு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் மீதமிருந்த நேரம் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. நான்காவது முறையில் டிஸ்க் நிரம்ப இரண்டு நிமிடம்தான் இருந்தது. சைரன் திருத்தவில்லை.

அந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, இரண்டு மாதம் கழித்து நகரக் குடிநீர் அலுவலகத்திலிருந்து அவளை ஒரு வாரத்துக்குக் கேட்டுக் கடிதம் வந்தது. அதிகாரி முதலில் முடியாது என்றார். பிறகு, “ஒரு வாரம்தான், சரியா ஒரு வாரம்” என்று அனுப்பிவைத்தார். பதினோரு பம்ப் நிலையங்கள், தொள்ளாயிரம் சென்சார்கள், நாளுக்கு ஒன்பதாயிரம் அலர்ட். அங்கிருந்த எஞ்சினியர், எல்லாத் திரைகளிலும் சிவப்பு மின்னிக்கொண்டிருந்த அறையைக் காட்டி, “எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல மேடம்” என்று கையை விரித்தார்.

சைரன் முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது.

“போன வாரத்து லிஸ்ட் முழுசா வேணும்,” என்றாள். “அப்புறம், உங்க கிடங்கு சாவி யார்கிட்ட இருக்கு?”